கன்று வீச்சும் ஒரு பிரெஞ்சுக் கட்டுரையும்

ராணிப்பேட்டைக்காரர்கள் சிலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சலை 'ராணிக்கெட் நோய்' என்று டாக்டர்கள் சொல்கிறார்களே, அது நம்ம ஊர்ப் பெயர்தானாம். வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் 'பேட்டை' போய் 'கெட்' ஆகிவிட்டதாம். ஒருமுறை ஆற்காடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இதை என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அந்த ராணிக்கெட் இமயமலைப் பக்கம், இன்றைய உத்தராகண்டில் இருக்கிறது என்று சொன்னதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. பாவம், சொல்லாமலே இருந்திருக்கலாம்.

நம்ம ராணிப்பேட்டைக்கு அந்த நோயோடு வேறு விதத்தில் உறவு இருக்கிறது. அதற்கான தடுப்பூசி இங்கேதான் தயாராகிறது. 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தைக் கடந்து எத்தனை பேர் தினமும் பஸ்ஸில் போகிறார்கள்! உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் தெரியாது. அடைப்பான், சப்பை நோய், தொண்டை அடைப்பான், கோழிக் கழிச்சல் என்று தமிழ்நாட்டு மாடு, ஆடு, கோழிகளுக்கு மூன்று தலைமுறையாக மருந்து போன இடம் அது. மாடு கன்று வீசும் நோயைக் கண்டுபிடிப்பதற்கான பரிசோதனை மருந்தும் அங்கே தயாரானதுதான். நான் வேலை பார்த்த காலத்தில் தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக்கொண்டு, ஊழியர்கள் பஸ்ஸில் போய் மருந்து வாங்கி வருவார்கள். பிளாஸ்க்குக்கு ஒரு பதிவேடு, ஐஸ் வாங்கிய செலவுக்கு ஒரு பற்றுச்சீட்டு. இரண்டும் என் மேசைக்குத்தான் வரும்.

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. மாடுகளோடு சம்பந்தப்பட்டது என்பது போதும். நான் மாட்டு டாக்டர் அல்ல. 36 வருடம் இளநிலை உதவியாளராகவும், உதவியாளராகவும், கடைசியில் கண்காணிப்பாளராகவும் இருந்த ஒரு குமாஸ்தா. இந்தப் பக்கத்தைப் பழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அப்பா காலமான பிறகு அம்மாவின் ஊரான ஆம்பூருக்கு வந்து, தமிழில் 'கோப்பு', 'குறிப்பாணை' என்று எழுதப் பழகியவன். படித்த பிரெஞ்சு என் உத்தியோகத்துக்கு ஒரே ஒரு தடவைதான் பயன்பட்டது. அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். போன வருடம் என் தங்கை மகள் வீட்டில் நடந்த ஒன்றினால் அது நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நோய். நம்ம பக்கம் 'மாடு கன்னு வீசிடுச்சு' என்பார்கள். ஆறு, ஏழு மாதச் சினையில் நல்லாயிருந்த மாடு திடீரென்று செத்த கன்றைப் போட்டுவிடும். நஞ்சுக்கொடி விழாமல் தொங்கும். பிரெஞ்சில் இதற்கு 'அவோர்த்மான்' என்று ஒரு சொல். மனிதருக்கும் மாட்டுக்கும் அதே சொல்தான். தமிழில் 'வீசுதல்' என்ற சொல்லில் இருக்கும் வேகமும் வருத்தமும் அதில் இல்லை. இது ஒரு கிருமியால் வருவது. டென்மார்க்கில் பாங் என்ற மாட்டு டாக்டர் 1897-ல் இதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பத்து வருடம் முன்பே மால்டா தீவில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர், காய்ச்சலில் செத்துப்போன சிப்பாய்களின் மண்ணீரலில் ஒரு கிருமியைப் பார்த்திருந்தார். அது எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1905-ல் ஸம்மித் என்ற மால்டாக்காரர் ஆட்டின் ரத்தத்தில் அதைக் கண்டுபிடித்தார். பட்டாளத்துக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். காய்ச்சல் மளமளவென்று குறைந்துவிட்டது. மாட்டுக் கிருமியும் மால்டா கிருமியும் நெருங்கிய உறவு என்று 1918-ல் சொன்னவர் ஆலிஸ் இவான்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. அந்த அம்மாள் சொன்னதை அப்போது பெரிய மனிதர்கள் பலர் நம்பவில்லை. பிறகு ஆய்வுக்கூடத்தில் அவருக்கே அந்த நோய் தொற்றி, இருபது வருடத்துக்கு மேல் விட்டு விட்டுப் படுத்தியது. புரூஸின் பெயரால்தான் நோய்க்கு 'புருசெல்லோசிஸ்' என்று பெயர்.

மனிதருக்கு வந்தால் சாயங்காலம் காய்ச்சல் ஏறும், ராத்திரி பாய் நனையும் அளவுக்கு வியர்க்கும், காலையில் ஒன்றுமில்லாதது போல இருக்கும். இடுப்பு வலி, மூட்டு வலி. வாரக்கணக்கில் இழுக்கும். பச்சைப் பாலில் வரும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் இழுத்துப் போடுகிறவர்களுக்கு நிச்சயமாக வர வாய்ப்பு உண்டு. டைஃபாய்டு என்றும் காசநோய் என்றும் நினைத்து வைத்தியம் நடக்கும். நம் நாட்டில் மனிதருக்கென்று இதற்குத் தடுப்பூசி கிடையாது. மாட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

மாட்டுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அதன் பெயர் எஸ்19. அதன் பிறப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். 1923-ல் ஜான் பக் என்ற அமெரிக்க மாட்டு டாக்டர் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து கிருமியைப் பிரித்து எடுத்தார். அந்தக் குழாய் ஆய்வுக்கூடத்தில் குளிர்ப்பெட்டியில் வைக்கப்படாமல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியிலேயே கிடந்தது. பிறகு எடுத்துப் பார்த்தால் கிருமி உயிரோடு இருக்கிறது, ஆனால் வீரியம் குறைந்து சாதுவாகிவிட்டது. மாட்டுக்குப் போட்டால் நோய் வரவில்லை, நோயைத் தாங்கும் சக்தி வருகிறது. 1930-ல் அதைப் பற்றி எழுதினார். இந்தியாவில் இன்றும் கிடேரிக் கன்றுகளுக்குப் போடுவது அந்தக் குழாயின் வாரிசைத்தான். நானும் 36 வருடம் பார்த்திருக்கிறேன், எங்கள் அலுவலகத்தில் ஒரு வருடம் மேசை மேல் கிடந்த கோப்புகளில் ஒன்றுகூடச் சாதுவானதில்லை.

ஆனால் சாது என்றால் முழுச் சாது அல்ல. இது உயிருள்ள கிருமி. ஒரு டோஸில் 4,000 கோடிக்குக் குறையாமல் இருக்கும். சினை மாட்டுக்குப் போட்டால் அதுவே சிலவற்றைக் கன்று வீச வைக்கும். காளைக்குப் போட்டால் விதை வீங்கலாம். அதனால்தான் 4 மாதத்திலிருந்து 8 மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும், ஆயுளில் ஒரே தடவை என்று வைத்திருக்கிறார்கள். போடுகிறவர் கையில் குத்திக்கொண்டால் மனிதருக்கும் காய்ச்சல் வரும்.

அப்படித்தான் வந்தது, 1980-களின் தொடக்கத்தில், எங்கள் கால்நடை ஆய்வாளர் ஒருவருக்கு. கன்று துள்ளியதில் ஊசி அவர் இடது கட்டை விரலில் ஏறிவிட்டது. துணியால் சுற்றிக்கொண்டு மிச்சக் கன்றுகளுக்கும் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அந்தக் காலத்து ஆட்கள் அப்படி. மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். முதலில் டைஃபாய்டு என்றார்கள். பிறகு நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஆறடி ஆள் கொடிபோல இளைத்துவிட்டார். எங்கள் டாக்டர் (மாட்டு டாக்டர்தான், அவர் பெயரையும் எழுத வேண்டாம், குடும்பத்தார் இருக்கிறார்கள்) பார்க்கப் போனபோது கட்டிலருகே உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி: "கையில எப்பவாவது ஊசி குத்திக்கிட்டியாப்பா?" மனிதர்களைப் பார்க்கும் டாக்டர்கள் யாரும் கேட்காத கேள்வி. ரத்தப் பரிசோதனை செய்தார்கள். டெட்ராசைக்ளினும் ஸ்ட்ரெப்டோமைசினும் வாரக்கணக்கில் கொடுத்தார்கள். ஒருமுறை நின்று மறுபடி திரும்பியது. வேலைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று.

அப்புறம்தான் என் மேசைக்கு வந்தது. பணியின்போது நேர்ந்த காயத்துக்கான சிறப்பு விடுப்பு கேட்டு அவர் மனு கொடுத்தார். மேலிடத்திலிருந்து ஒரு வினா வந்தது: கால்நடைகளுக்கு நோய் வராமல் தடுக்கும் மருந்து மனிதருக்கு நோயை உண்டாக்கியது என்பதற்கு ஆதாரம் என்ன? எழுதியவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். படித்துப் பார்த்தால் நியாயமான கேள்வியாகத்தான் தோன்றும். ஆனால் அந்த ஆய்வாளர் வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். ஐந்து மாதச் சம்பளம் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் படிக்கிற ஆள். அந்தக் காலத்தில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு அஞ்சலட்டை எழுதிக் கேட்டால் கட்டுரையின் பிரதியை அனுப்பி வைப்பார்கள். அப்படி அவரிடம் ஒரு கட்டு இருந்தது. எஸ்19 மனிதருக்குத் தொற்றும் என்பதற்கு ஆங்கிலக் கட்டுரைகளே போதும், அவற்றில் இரண்டைத் தட்டச்சு செய்யச் சொன்னார். பிறகு கட்டிலிருந்து இன்னொன்றை உருவி, "என்னங்க, நீங்க பாண்டிச்சேரி ஆளுதானே? இது என்ன சொல்லுதுன்னு பாருங்களேன்" என்றார்.

பிரான்சில் தூர் நகரத்துக்குப் பக்கத்தில் நூஸியி என்ற சிற்றூர். (எழுத்தைப் பார்த்து 'நௌஸில்லி' என்று எங்கள் டாக்டர் படித்தார். திருத்தவில்லை, மேலதிகாரி.) அங்கே அரசு வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையத்தில் ப்ளொமே, ஃபென்ஸ்டர்பாங்க் என்ற இருவரும் அவர்கள் குழுவினரும் 1970-களில் இந்தத் தடுப்பூசியை வைத்து வருடக்கணக்கில் வேலை செய்திருந்தார்கள். அந்தக் கட்டுரையை வீட்டுக்கு எடுத்துப் போய், பழைய லரூஸ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பதினோரு ராத்திரி உட்கார்ந்து தமிழில் எழுதினேன். பள்ளியில் ராசீனும் கோர்னேயும் படித்தவனுக்கு மாட்டின் நிணநீர்க்கட்டி பற்றி ஒரு சொல்லும் தெரியாது. என் மனைவி, "நாடகமா எழுதுறீங்க?" என்று கேட்டாள்.

அவர்கள் செய்தது இதுதான். புதுக் கிருமியைத் தேடவில்லை. அதே எஸ்19. (பிரெஞ்சுக்காரர்கள் 'பே 19' என்பார்கள்.) ஊசி போடும் அளவில் பத்தில் ஒரு பங்குபோல, 500 கோடி கிருமிகளை மட்டும் எடுத்து, தோலுக்கடியில் செலுத்தாமல் மாட்டின் கண்ணில் ஒரு சொட்டு விட்டார்கள். அவ்வளவுதான். கண் வழியாகப் போன கிருமி தலைப்பக்கத்து நிணநீர்க் கட்டிகளில் தங்கி, உடம்பு முழுக்கப் பரவாமல், பாதுகாப்பைத் தந்தது. வளர்ந்த மாட்டுக்கும் விடலாம், கன்று வீசும் ஆபத்து குறைவு, பாலில் கிருமி வெளியேறுவது குறைவு. முக்கியமாக, பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால் நோய் இருப்பதுபோல வெகுகாலம் காட்டிக்கொண்டிருக்காது. ஊசியே இல்லாததால் போடுகிறவர் விரலில் குத்தும் பேச்சும் இல்லை. அவர் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது வேறு.

இதை எழுதி முடித்த அன்று எனக்கு ஒன்று உறைத்தது. பாதுகாப்பான தடுப்பூசி என்றால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது என்று நினைத்திருந்தேன். கிருமியை மாற்றாமல் அது நுழையும் வாசலை மாற்றியிருந்தார்கள்.

என் தமிழாக்கத்தையும் டாக்டர் கோப்பில் இணைப்பாக வைத்தார். கேட்ட கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, ஆனாலும் 'இந்த ஆபத்தைக் குறைக்கவே வெளிநாட்டில் இப்படி ஆய்வு செய்கிறார்கள்' என்று ஒரு வரி சேர்த்தார். பதினான்கு மாதம் கழித்து விடுப்பு அனுமதியாகி வந்தது. ஆய்வாளர் கைநிறைய பக்கத்துக் கடை பாதுஷாவோடு வந்தார். அதன் பிறகு கன்றுகளுக்குப் போடப் போகும்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆம்பூர் பஜாரில் டேனரி வேலையாட்கள் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்க வாங்கும் தடித்த ரப்பர் கையுறையும், வெல்டிங் கடைக் கண்ணாடியும் சொந்தக் காசில் வாங்கி மாட்டிக்கொண்டார். ஊர்ப் பிள்ளைகள் சிரிக்கும். அந்தக் கையுறையோடு சிரிஞ்சைப் பிடிக்க முடியாமல் ஒரு கையில் மட்டும் போட்டிருப்பார்.

டேனரி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் தோலோடு பிழைத்தவர்களுக்குப் பயம் அடைப்பான் நோய்தான். செத்த மாட்டை உரித்தவர் கையில் வலியில்லாத கருப்புப் புண் வரும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் இந்தப் பக்கத்து அடைப்பான் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து நிறைய எழுதியிருக்கிறார்கள். அதற்கு வந்த தடுப்பூசிகளில் பேர்பெற்றது பஸ்தேருடையது. 1881-ல் பூயி-லெ-ஃபோர் என்ற ஊரில் ஊரைக் கூட்டி வைத்துச் செய்து காட்டினார். ஆடுகளில் பாதிக்கு ஊசி, பாதிக்கு இல்லை, பிறகு எல்லாவற்றுக்கும் நோய்க் கிருமி. ஜூன் 2-ம் தேதி ஊசி போடாத செம்மறிகள் செத்துக் கிடந்தன, அல்லது செத்துக்கொண்டிருந்தன. ஊசி போட்டவை நின்றன. எங்கள் பள்ளிப் புத்தகத்தில் படத்தோடு இருந்த பாடம். பாடத்தில் இல்லாத ஒன்றை வயதான பிறகு படித்தேன். அன்று போட்ட மருந்து, பஸ்தேர் வெளியில் சொல்லிக்கொண்டிருந்த காற்று முறையில் செய்ததல்ல, அவர் சீடர் ஷாம்பெர்லான் பொட்டாசியம் பைகுரோமேட்டில் கிருமியை வாட்டிச் செய்தது. பைகுரோமேட்! நம்ம குரோம் தோலுக்கு மூலப் பொருள். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஆலைக்குப் பின்னால் மஞ்சள் மஞ்சளாகத் தண்ணீரைக் கெடுத்துக்கொண்டு கிடக்கும் மலை அந்த வகையறாவின் கழிவுதான். ஒரே சரக்கு, அங்கே ஆட்டைக் காப்பாற்றியது, இங்கே கிணற்றைக் கொன்றது.

பஸ்தேர் மருந்தும் சில சமயம் ஆடுகளையே கொன்றுவிடும், சில சமயம் வேலை செய்யாது. 1937-ல் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர் உறையை இழந்த ஒரு அடைப்பான் கிருமியைக் கண்டெடுத்தார். உறை இல்லாததால் நோய் தராது, ஆனால் அதன் நஞ்சு உடம்பைப் பழக்கிவிடும். உலகம் பூராவும் இன்றுவரை அதுதான். ஒரே ஆயுதத்தைப் பிடுங்கியதும் பிரச்சினை முடிந்தது.

கன்று வீச்சுக் கிருமியிடம் பிடுங்குவதற்கு அப்படி ஒரு ஆயுதம் இல்லை என்பதுதான் தொல்லை. அது நம் உடம்பின் காவல் அணுக்களுக்குள்ளேயே போய்க் குடியிருக்கும். கிருமியைக் கொன்று ஊசியாகப் போட்டால் காவல் அணுக்களுக்குச் சரியான பாடம் கிடைப்பதில்லை. உயிரோடு போய் உள்ளே கொஞ்ச நாள் தங்கினால்தான் பாடம். அதிகமாக வாட்டினால் பயன் இல்லை, குறைவாக வாட்டினால் ஆபத்து. இந்த இழுபறியில்தான் நூறு வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது.

ஆட்டுக்கென்று 1950-களில் கலிபோர்னியாவில் எல்பெர்க் என்பவர் ரெவ்1 என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். நல்ல பலன். ஆனால் சினை ஆட்டுக்கு ஆபத்து, மனிதருக்குத் தொற்றினால் ஸ்ட்ரெப்டோமைசின் கேட்காது. பிரெஞ்சுக்காரர்கள் அதையும் கண் சொட்டு முறைக்கு மாற்றினார்கள். மாட்டுக்கு, வர்ஜீனியாவில் ஷூரிக் குழுவினர் ஆர்பி51 என்று ஒன்றை உண்டாக்கினார்கள். 1996-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அது ரிஃபாம்பிசின் மருந்தோடு பழக்கி வளர்த்த கிருமி, அதனால் ரிஃபாம்பிசின் அதற்கு உறைக்காது. காசநோய்க்குக் கொடுத்துச் சிறுநீரைச் சிவப்பாக்கும் அதே மாத்திரைதான், கன்று வீச்சுக் காய்ச்சலுக்கும் முக்கிய மருந்து. 2017-ல் டெக்சாஸில், பிறகு வேறு மாநிலங்களிலும், பச்சைப் பால் குடித்தவர்களுக்கு இந்தத் தடுப்பூசிக் கிருமியே நோயாக வந்தது. சாயத்தைக் காய்ச்சாமல் குடித்தால் நாகரிகம் என்று நினைக்கிற ஒரு கூட்டம் அங்கேயும் இருக்கிறது போல. சாயமல்ல, பாலைத்தான் சொல்கிறேன், டேனரி ஊர் வாய்.

ஆர்பி51-ஐ எதற்கு உண்டாக்கினார்கள் என்பதற்கு ஒரு குமாஸ்தாவின் விளக்கம் சொல்கிறேன். கிருமியின் மேல்தோலில் சர்க்கரைச் சங்கிலி ஒன்று முத்திரைபோல இருக்கிறது. மாட்டின் ரத்தம் அந்த முத்திரையை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்பு மருந்தில் ஒரு சொட்டு ரத்தநீரைக் கலந்தால், முத்திரையைப் பார்த்திருக்கும் ரத்தம் தயிர்போலத் திரளும். எஸ்19-க்கும் அதே முத்திரை. ஆகவே திரண்டால், நோயால் திரண்டதா, ஊசியால் திரண்டதா என்று தெரியாது. சான்றிதழில் முத்திரை இருக்கிறது, எந்த அலுவலக முத்திரை என்று படிக்க முடியவில்லை. ஆர்பி51-ல் முத்திரையே கிடையாது.

நம் நாட்டில் பரேலிக்கு அருகே இஸத்நகரில் இருக்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பல்லப் சௌதுரி குழுவினர் நடு வழி ஒன்றைப் பிடித்தார்கள். எஸ்19-ஐயே எடுத்து, அந்தச் சர்க்கரையைச் செய்யும் 'பெர்' என்ற ஒரு மரபணுவை மட்டும் நீக்கிவிட்டார்கள். முத்திரை முழுதாக இல்லை, அடியோடு அழியவும் இல்லை. எலிக்குப் பாதுகாப்பு தந்தது, சினையான கினிப்பன்றிகளுக்குக் கேடு செய்யவில்லை, நோயையும் ஊசியையும் பிரித்துப் பார்க்க இடம் தருகிறது என்று 2015-ல் 'வேக்சின்' ஆய்விதழில் எழுதினார்கள். பிறகு தயாரிப்பு முறை ஹெஸ்டர் என்ற அகமதாபாத் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. எனக்கு இதில் உள்ள சந்தோஷம், ஜான் பக்கின் குழாயில் கிடந்த அதே கிருமிக்கு நூறு வருடம் கழித்து நம்ம ஆட்கள் ஒரு திருத்தம் போட்டிருக்கிறார்கள் என்பது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று கேட்பவர்களை என் தங்கை மகள் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.

ஆம்பூரை ஒட்டிய கிராமம். நான்கு கலப்பின ஜெர்சி மாடுகள். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்கள். வீட்டில் மருமகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். போன வருடம் ஒரு மாடு ஏழாவது மாதத்தில் கன்று வீசியது. நஞ்சுக்கொடியை மாப்பிள்ளை கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் எனக்குப் போன் செய்தார். சோப்பு போட்டுக் கழுவுங்கள், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், மருமகளைக் கொட்டகைப் பக்கமே விடாதீர்கள், பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள் என்றேன். கால்நடை டாக்டர் வந்து நான்கு மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார். கன்று வீசியது திரண்டது. அதோடு, நல்ல சினையாக நின்ற இன்னொரு மாடும் திரண்டது. அது பொய்கைச் சந்தையில் வாங்கியது. காதில் கம்மல் இல்லை, இருந்த ஓட்டை மட்டும் கிழிந்திருந்தது. முன்னே இருந்தவர் ஊசி போட்டாரா, எப்போது போட்டார், ஒன்றும் தெரியாது. டாக்டர் பொறுமையானவர். "ஊசியாவும் இருக்கலாம், நோயாவும் இருக்கலாம். இந்தப் பரிசோதனையில அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார்.

மாப்பிள்ளை அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டையும் பொய்கைக்கு ஓட்டிவிடலாம் என்றார்.

"மாப்பிள்ளை, இன்னொருத்தர் வீட்டுக்கு நோயை ஓட்டி விடுறதாச்சே" என்றேன்.

"மாமா, ஒண்ணொண்ணும் அறுபதாயிரம். நான் வாங்கினப்ப எனக்கு யாரு சொன்னாங்க? அரசாங்கம் குடுக்குமா?"

எனக்குப் பதில் இல்லை. வெளிநாடுகளில் திரண்ட மாட்டைக் கொன்றுவிட்டு விவசாயிக்கு நஷ்டஈடு தருகிறார்கள். அப்படித்தான் பல நாடுகள் இந்த நோயை ஒழித்தன. இங்கே மாட்டைக் கொல்லவும் மாட்டோம், வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. விவசாயிக்கு மிச்சம் இருப்பது சந்தை ஒன்றுதான். 2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் தொடங்கி வைத்த திட்டத்தில், கோமாரிக்கும் கன்று வீச்சுக்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2030-க்குள் ஒழிப்பது என்று இலக்கு. ஊசி இலவசம், நல்ல காரியம். ஆனால் ஊசி, வருகிற கன்றுக்குத்தான். ஏற்கெனவே திரண்டு நிற்கிற மாட்டை என்ன செய்வது என்று அந்தக் கொட்டகையில் நின்று யோசித்தால் தெரியும்.

தரகர் வீட்டுக்கே வந்துவிட்டார். தோளில் துண்டு, விரலைப் பிடித்துப் பேரம் பேசத் தயாராக. என் தங்கை மகள் திண்ணையிலிருந்தே, "ஒண்ணு கன்னு வீசினது, இன்னொண்ணுக்கு ரத்தத்துல இருக்குன்னு டாக்டர் சொல்றாரு" என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை முகத்தை நான் பார்க்கவில்லை. தரகர் சிரித்துக்கொண்டே, "அது எந்த மாட்டுல இல்லம்மா" என்றார். ஆனால் விலையைப் பாதியாக்கினார். அந்த விலைக்குக் கொடுக்க மாப்பிள்ளைக்கும் மனம் வரவில்லை. இரண்டும் வீட்டிலேயே நின்றுவிட்டன. கன்று வீசியதைக் கொட்டகையின் மேற்கு ஓரத்தில் தனியாகக் கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுகிறார்கள். வீசிய கன்றைக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். சுண்ணாம்புக்கு நம்ம ஊரில் பஞ்சமில்லை. மாப்பிள்ளைக்கு இதுவரை காய்ச்சல் வரவில்லை. மருமகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை.

சந்தேகத்தில் நின்ற மாடு மாதம் நிறைந்து நல்லபடியாகக் கன்று போட்டது. அதுவும் கிடேரி. ஊசியால் திரண்டதாகத்தான் இருக்கும் என்று மாப்பிள்ளை இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நோய் உள்ள மாடும் சில ஈற்று நல்லபடியாகப் போடும் என்பதை நான் அவரிடம் சொல்லத்தான் செய்தேன். காதில் வாங்கவில்லை.

கிடேரிக்கு ஐந்து மாதம் ஆனபோது ஊசி போட வந்தார்கள். வந்தது ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி, முகக் கவசம், இரண்டு கையிலும் மெல்லிய கையுறை. மாப்பிள்ளை கன்றின் தலையைப் பிடித்துக்கொள்ள, கழுத்தில் ஊசி ஏறியதும் தெரியவில்லை இறங்கியதும் தெரியவில்லை. காலிக் குப்பியையும் ஊசியையும் ஒரு பெட்டியில் போட்டு மூடிக்கொண்டாள். காதில் மஞ்சள் கம்மல் அடித்து, போனில் எண்ணை ஏற்றினாள். கண் சொட்டு முறையைப் பற்றி அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "படிச்சிருக்கேன் சார், நமக்கு வர்றது இந்த ஊசிதான்" என்றாள். பிரெஞ்சுக் கட்டுரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், பாவம், அவளுக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்தது.

அவள் போன பிறகு என் தங்கை மகள் கேட்டாள்: "மாமா, நாளைக்கு இந்தக் கன்னுக்கு ரத்தம் எடுத்தா இதுவும் திரளுமா?"

"கொஞ்ச காலத்துக்குத் திரளலாம். அந்தக் கம்மல் நம்பர் இருந்தா ஊசி போட்டது தெரியும்" என்றேன்.

கம்மல் புதரில் மாட்டிக் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். உள்ளே போய்க் கரிக்கட்டி எடுத்து வந்தாள். கொட்டகைச் சுவரில், பால் கணக்குக்குப் பக்கத்தில், பன்னிரண்டு இலக்கத்தையும் தேதியையும் எழுதி, மழைச் சாரல் படாத உயரமா என்று இரண்டு தடவை பார்த்தாள். மாப்பிள்ளை போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டார்.